செவி தேரும் இரை

பூச்சியுண்ணி வௌவால்கள் இருட்டில் எதிர்ப்படும் எதையும் விழுங்கித் திரிகின்றன என்ற எண்ணம் பரவலானது. விலங்கியல் நூல்களும் நெடுங்காலம் அவற்றின் உணவைப் 'பூச்சிகள்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொண்டன. இன்று அறியப்பட்டுள்ள 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களில் பெரும்பாலானவை பூச்சிகளை நம்பி வாழ்பவை என்பதையும், வெப்பமண்டலக் காடொன்றின் மேல் ஒரே இரவில் பல பத்து இனங்கள் சேர்ந்து இரைதேடக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்த ஒற்றைச் சொல் எவ்வளவை மூடி மறைக்கிறது என்பது விளங்கும். எந்த வௌவால் எந்தப் பூச்சியைப் பிடிக்கிறது, அருகிலேயே இருந்தும் எதை விட்டுவிடுகிறது, விடுவதற்குக் காரணம் விருப்பமின்மையா, இயலாமையா, அல்லது அங்கே ஒரு பூச்சி இருப்பதே அதற்குத் தெரியவில்லையா என்னும் வினாக்களுக்குக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கிடைத்துள்ள விடைகள் ஒரு திசையைக் காட்டுகின்றன: வௌவாலின் இரைத்தேர்வு நாவுக்கு வருமுன் பெரும்பாலும் செவியிலேயே முடிந்துவிடுகிறது.

தேர்வு என்பதைச் சூழலியலார் ஒரு விகிதமாகக் கொள்கின்றனர். சூழலில் ஒரு பூச்சி எவ்வளவு இருக்கிறதோ அதைவிட மிகுதியாக அது உணவில் இடம்பெற்றால் அதை விலங்கு தேர்ந்து உண்கிறது என்றும், குறைவாக இடம்பெற்றால் தவிர்க்கிறது என்றும் கொள்வது வழக்கம். கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கணக்கு வௌவால்களிடம் வரும்போது இருபுறமும் வழுக்குகிறது. சூழலில் உள்ள பூச்சிகளை எண்ணுவதற்கு விளக்குப்பொறி வைத்தால் வெளிச்சத்தை நாடும் பூச்சிகள் மட்டுமே விழுகின்றன. மனிதப் பொறிக்குள் விழுந்த கூட்டமும் வௌவாலின் செவிக்கு எட்டிய கூட்டமும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. உண்டதை எண்ணுவதும் அதே அளவு கடினமானது. எச்சத்தை நீரில் ஊறவைத்து நுண்ணோக்கியின் கீழ்ப் பிரித்துப் பார்ப்பவர், பூச்சியின் மேலோட்டுப் பொருளான கைட்டின் துணுக்குகளையும், அந்துப்பூச்சியின் இறகுச் செதில்களையும், வண்டின் கால் நுனிகளையும் கொண்டே ஓர் இரவின் உணவை ஊகிக்கவேண்டியிருக்கிறது. கடினமான ஓடுடைய வண்டு அங்கே மிகையாகத் தெரிய, மென்மையான உடலுள்ள கொசுவும் புழுவும் தடயமின்றிக் கரைந்துபோகின்றன. அண்மைக்காலமாக எச்சத்திலுள்ள மரபணுத் துணுக்குகளைப் படித்து இரையின் இனத்தையே கண்டறியும் முறை வந்திருப்பது பெரிய முன்னேற்றம்தான் என்றாலும், எந்தப் பூச்சி என்பதை அது சொல்லும் அளவுக்கு எத்தனை பூச்சி என்பதை உறுதியாகச் சொல்வதில்லை. இவை எல்லாவற்றிலும் எளிய முறை, இரையைத் தூக்கிவந்து தொங்குமிடத்தில் வைத்து உண்ணும் இனங்களின் உறைவிடத்துக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும் சிறகுகளையும் கால்களையும் பொறுக்கி எண்ணுவது. பறந்தபடியே சிறு பூச்சிகளை மெல்லும் வௌவால்களுக்கு அது உதவாது. உதவும் இடங்களில், அந்தச் சிறகுக் குவியல் மிகத் துல்லியமான சான்றாக அமைகிறது.

மதுரைக்கு இந்த ஆய்வு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஜெர்மானிய விலங்கியலாளர் கெர்ஹார்ட் நாய்வைலர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் உருவாக்கிய ஆய்வுக்குழுவோடு இணைந்து, அந்நகரைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் குகைகளிலும் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார். ஒரே வட்டாரத்து இரவு வானம் அடுக்கடுக்காகப் பங்கிடப்பட்டிருப்பதையும், எதிரொலியைக் கேட்டே இரையை அறியும் இவற்றில், ஒவ்வோர் அடுக்கிலும் இரைதேடும் இனம் அந்த அடுக்குக்கு ஏற்ற ஒலியை எழுப்புவதையும் அந்த ஆய்வுகள் காட்டின. மரங்களுக்கு மிக உயரே, தடையற்ற வெளியில் விரைந்து பறக்கும் எகிப்திய வால்நீட்டி வௌவால் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழான தணிந்த ஒலியை எழுப்புகிறது. செவிக்கூர்மையுள்ள இளைஞர் சிலருக்கு அது கேட்கவும் கூடும். புதர்களுக்கும் கிளைகளுக்கும் நடுவே மெல்லப் பறக்கும் இலைமூக்கு வௌவால்களில் ஒன்று 130 கிலோஹெர்ட்ஸ் அளவிலும், அதன் நெருங்கிய உறவினம் 150 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் ஒலியெழுப்புகின்றன. தணிந்த ஒலி காற்றில் நெடுந்தொலைவு செல்லும், ஆனால் அதன் அலைநீளம் 2 சென்டிமீட்டர் அளவுக்கு இருப்பதால் அதைவிட மிகச் சிறிய பூச்சியிலிருந்து திரும்பும் எதிரொலி நலிந்துபோகிறது. 150 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 2 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுவதால் கொசுவளவு உருவமும் அதில் தெளிவாகப் பதியும், ஆனால் வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்று அந்த ஒலியைச் சில மீட்டர்களுக்குள் உறிஞ்சிவிடுகிறது. உயரே பறக்கும் வௌவால் தொலைவிலிருக்கும் பெரும் பூச்சியையும், புதரருகே பறக்கும் வௌவால் அண்மையிலிருக்கும் சிறு பூச்சியையும் நாடுவதில் சுவைக்கு முன்பே ஒலியின் இயற்பியல் ஒரு பங்கை முடிவுசெய்துவிடுகிறது.

பூச்சிகளும் இதில் வாளாவிருக்கவில்லை. அந்துப்பூச்சிகளில் பல குடும்பங்களுக்குச் செவி உண்டு என்பதையும், அச்செவி முதன்மையாக வௌவாலின் ஒலியைக் கேட்கவே அமைந்தது என்பதையும் அமெரிக்க உடலியலாளர் கென்னத் ரோடர் 1950-களிலும் 1960-களிலும் நிறுவினார். ஒவ்வொரு செவியிலும் இரண்டே இரண்டு ஒலியுணர் செல்களைக் கொண்ட ஓர் அந்துப்பூச்சி, வௌவால் தொலைவில் இருந்தால் எதிர்த்திசையில் திரும்புவதும், நெருங்கிவிட்டால் சிறகை மடக்கித் தரையை நோக்கி விழுவதும் அவரது பதிவுகளில் காணக்கிடைக்கின்றன. இச்செவிகள் பொதுவாக 20 முதல் 50 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கே கூர்மையானவை. அந்த வரம்புக்கு மேலோ கீழோ ஒலியெழுப்பும் வௌவால் பூச்சிக்குத் தெரியாமல் நெருங்கிவிடலாம். மிக உயர்ந்த ஒலியெழுப்பும் இலைமூக்கு வௌவால்களின் எச்சத்தில் அந்துப்பூச்சிச் செதில்கள் மிகுந்து காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அவை அந்துப்பூச்சியை விரும்பி உண்கின்றன என்று எழுதுவது தவறாகாது. ஆயினும் அந்த விருப்பத்தின் மறுபாதி, எச்சரிக்கை கேட்காத ஒரு பூச்சியின் செவிக்குள் இருக்கிறது.

இலைமூக்கு வௌவால்களுக்கும் குதிரைலாட வௌவால்களுக்கும் உரிய மற்றொரு திறன் இதைவிட வியப்பானது. ஒரே சுருதியில் நீளும் ஒலியை அவை எழுப்புகின்றன; சிறகடிக்கும் பூச்சியின் மேல் பட்டுத் திரும்பும்போது அந்த ஒலியின் வலிமையும் சுருதியும் ஒவ்வொரு சிறகடிப்புக்கும் ஏறி இறங்குகின்றன; அசையாத இலையிலிருந்தும் கிளையிலிருந்தும் வரும் எதிரொலியில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. நாய்வைலர் குழு இலங்கையில் செய்து 1987-இல் வெளியிட்ட ஆய்வில், செம்பழுப்புக் குதிரைலாட வௌவால் அடர்ந்த காட்டுக்குள்ளேயே இரைதேடுவதும், அந்தி கழிந்த முதற்பொழுதைப் பறந்தபடி வேட்டையாடிவிட்டுப் பின்னர் மரக்கிளையில் தொங்கிக் காத்திருந்து, கடக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துக் கிளைக்குத் திரும்புவதும் விரிவாகப் பதிவாயின. ஜிம்பாப்வேயில் இலைமூக்கு வௌவால் ஒன்றின் முன் நிகழ்த்தப்பட்ட சோதனைகளில், சிறகடித்த அந்துப்பூச்சியை வௌவால் பிடித்ததும், சிறகு ஓய்ந்த அதே வகைப் பூச்சியை அது பொருட்படுத்தாததும் தெரியவந்தன.

அப்படியானால் அசையாத பூச்சிக்கு ஆபத்தில்லை என்று கொள்ளலாமா? இலைமேலும் தரைமேலும் இருக்கும் இரையைப் பொறுக்கியெடுக்கும் வௌவால்கள் இங்கேதான் முக்கியமாகின்றன. பூச்சியோடு தவளை, பல்லி, எலி ஆகியவற்றையும் உண்ணும் இந்தியப் போலி இரத்த வௌவாலை மதுரையில் ஆராய்ந்த மாரிமுத்துவும் நாய்வைலரும், மணல்தரையில் நூலால் இழுக்கப்பட்ட இறந்த தவளையை அது பாய்ந்து பிடித்ததையும், ஓசையெழாதபடி இழுக்கப்பட்டபோது கண்டுகொள்ளாமல் விட்டதையும் 1987-இல் வெளியிட்டனர். இரை எழுப்பும் சரசரப்பே அதற்கு வழிகாட்டி என்பது அன்றைய முடிவு. இதே வௌவால் எதிரொலியையும் பயன்படுத்துகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருப்பதால் அம்முடிவு இன்று தளர்ந்திருக்கிறது. அதை மேலும் தளர்த்துவது பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் வாழும், ஏழு கிராம் எடைகூட இல்லாத பெருங்காது வௌவால் ஒன்று. இலையின் மேல் ஓசையின்றி, அசைவின்றி உறங்கும் தும்பியை இருளில் எதிரொலியை மட்டுமே கொண்டு அது கண்டுபிடிக்கிறது என்று இங்கா கைப்பெல் குழுவினர் 2013-இல் காட்டியபோது, நெடுநாளாக இயலாதெனக் கருதப்பட்ட ஒன்று மெய்யானது. 2019-இல் அதன் வழிமுறையும் விளக்கம்பெற்றது. இலைக்கு நேரெதிரே நின்று ஒலியெழுப்பினால் இலையின் வலுத்த எதிரொலி பூச்சியின் மெல்லிய எதிரொலியை மூழ்கடித்துவிடும். சாய்ந்த கோணத்திலிருந்து எழுப்பினாலோ வழவழப்பான இலை கண்ணாடிபோல ஒலியை அப்பால் திருப்பிவிட, இலை செவிக்கு வெறுமையாகி, பூச்சியிலிருந்து வருவது மட்டும் எஞ்சுகிறது. அந்த வௌவால் இலையின் முன் காற்றில் நின்றபடி அத்தகைய கோணங்களைத் தேடி அணுகுவது படமெடுக்கப்பட்டுள்ளது. அதன் தொங்குமிடத்துக்குக் கீழே தும்பி, வெட்டுக்கிளி, வண்டு ஆகியவற்றின் சிதறல்களும், புழுக்களின் எச்சங்களும் கிடைப்பதன் பொருள் இதன்பிறகே தெளிவானது.

ஒலியெழுப்பும் பூச்சி தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பது இந்தத் துறையின் பழைய நம்பிக்கை. அதற்குச் சான்றும் உண்டு. இலைவாழ் வெட்டுக்கிளிகளில் ஆண்கள் இணையை அழைக்கச் சிறகுகளை உரசிப் பாடுகின்றன. பாடும் வெட்டுக்கிளியைக் கூண்டில் வைத்த வலைகளில் வௌவால்கள் கூடுதலாகச் சிக்கியதையும், இலைபொறுக்கும் வௌவால்கள் வாழும் காட்டில் வெட்டுக்கிளிகள் பாட்டைக் குறைத்து, செடியை அதிரச்செய்து இணைக்குச் செய்தி அனுப்புவதையும் பெல்வுட், மோரிஸ் ஆகியோர் 1987-இல் பனாமாவிலிருந்து எழுதினர். பாடாத பெண் பாதுகாப்பானது என்று அதிலிருந்து ஊகிப்பது இயல்பே.

அந்த ஊகத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் கர்நாடகப் பகுதியில் நிகழ்ந்த ஓர் ஆய்வு புரட்டிப்போட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணனும் அவருடைய ஆய்வுக்குழுவினரும் சிறிய போலி இரத்த வௌவாலின் உறைவிடங்களுக்குக் கீழே உதிர்ந்த வெட்டுக்கிளிச் சிறகுகளைச் சேகரித்து, ஆணுடையவை எவை, பெண்ணுடையவை எவை என்று பிரித்தனர். ஆண் சிறகின் அடிப்பகுதியில் பாடுவதற்கான உரசல் அமைப்பு உண்டு, பெண் சிறகில் அது இல்லை. ஆகவே உண்ணப்பட்ட உடல் மறைந்த பின்னும் அதன் பால் சிறகில் எழுதப்பட்டே இருக்கிறது. குவியலில் பெண் சிறகுகளே மிகுந்திருந்தன. பெரிய பறப்புக் கூண்டில் வைத்துச் சோதித்தபோதும், பாட்டொலியைவிடப் பறக்கும் பூச்சியே வௌவாலைக் கூடுதலாக ஈர்த்தது. 2015-இல் வெளியான இம்முடிவு தரும் விளக்கம் இவ்வாறு அமைகிறது: பாடும் ஆண் தழைக்குள் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறது, அதன் குரலைத் தேடிப் பெண்ணே திறந்த வெளியைக் கடந்து பறக்கவேண்டியிருக்கிறது, சிறகடித்துப் பறக்கும் உடல் வௌவாலின் செவியில் தெளிவாக விழுகிறது. இணைதேடுவதன் விலையை அழைப்பவரே கொடுக்கிறார் என்று கருதிவந்த பரிணாம ஆய்வாளர்கள், அழைப்பை ஏற்றுச் செல்பவரின் விலையையும் கணக்கில் கொள்ளவேண்டிய நிலையை, பெரும் கருவி ஏதுமின்றி, குகைத்தரையிலும் பாழ்கட்டடங்களிலும் குனிந்து பொறுக்கிய சிறகுகள் உண்டாக்கின. இத்துறையில் இதைவிட நேர்த்தியாக அமைந்த சான்று அரிது.

செவி கண்டதை வாயும் ஏற்கவேண்டும். வால்நீட்டி வௌவால்களின் மண்டையோடுகளை ஒப்பிட்ட பட்ரீசியா ஃப்ரீமன், தடித்த தாடையும் குறைந்த எண்ணிக்கையில் பெரிய பற்களும் உள்ள இனங்கள் வண்டுகளையும், மெலிந்த தாடையுள்ளவை அந்துப்பூச்சிகளையும் சார்ந்திருப்பதாக 1979-இல் காட்டினார். பருவமும் இந்தக் கணக்கைக் கலைக்கிறது. முதல் மழைக்குப் பின் ஈசல் புறப்படும் மாலையில், தேர்ந்துண்ணும் இனம், கண்டதை உண்ணும் இனம் என்ற வேறுபாடு மங்கி, மென்மையானதும் கொழுத்ததும் தப்பத் தெரியாததுமான அந்த இரையைப் பல இனங்கள் ஒன்றாக மொய்க்கின்றன.

இத்தேர்வுகளின் விளைவு செடிகளின் இலைகள்வரை எட்டுகிறது. பாரோ கொலராடோ தீவில் சில செடிகளைப் பகலில் மட்டும் வலையிட்டுப் பறவைகளையும், சிலவற்றை இரவில் மட்டும் வலையிட்டு வௌவால்களையும் விலக்கிவைத்த சோதனையின் முடிவு 2008-இல் வெளிவந்தது. வலையிடாத செடிகளில் 4.3 விழுக்காடு இலைப்பரப்பும், பறவை விலக்கிய செடிகளில் 7.2 விழுக்காடும், வௌவால் விலக்கிய செடிகளில் 13.3 விழுக்காடும் பூச்சிகளால் தின்னப்பட்டிருந்தன. அதற்கு முந்தைய ஆய்வுகளில் பகலையும் இரவையும் பிரிக்காமல் வலையிட்டுவிட்டு, பயனெல்லாம் பறவைகளுடையது என்று எழுதியிருந்தது எவ்வளவு பெரிய விடுபாடு என்பதை இந்த எண்களே சொல்லும். தாய்லாந்தின் ராட்சபுரி மாநிலத்தில், காவ் சொங் பிரான் குகையிலிருந்து அந்திதோறும் புகைபோலக் கிளம்பும் இலட்சக்கணக்கான சுருக்க உதட்டு வௌவால்களின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள், அதில் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியின் துணுக்குகளைக் கண்டனர். தமிழ்நாட்டு உழவர் புகையான் என்று அஞ்சும் பூச்சியின் நெருங்கிய உறவு அது. காற்றோடு உயர எழுந்து நெடுந்தொலைவு இடம்பெயரக்கூடியது, ஆகவே வயலில் தெளிக்கும் மருந்துக்கு எட்டாத உயரத்திலும் இந்த வௌவாலுக்கு எட்டுகிறது. குகையில் சேரும் எச்சம் உரமாக விற்கப்பட்டு, அதன் வருவாய் அங்குள்ள புத்த விகாரைக்குச் செல்கிறது. வயலில் தப்பிய நெல்லுக்கு மட்டும் அத்தகைய கணக்கேடு எதுவும் நெடுங்காலம் வைக்கப்படவில்லை.