நீங்க என்ன செய்வீங்க?

வானொலியில் மௌனம் என்பது விபத்து. ஒலிபரப்பில் ஐந்து விநாடி சத்தம் இல்லாமல் போனால் யாராவது கலையகத்துக்கு ஓடி வந்துவிடுவார்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பயத்தோடே பேசிப் பழகியவள் நான். பாட்டு முடிவதற்குள் அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அந்தப் பழக்கம் என் வீடு வரைக்கும் வந்துவிட்டது என்பதை ஒரு விளையாட்டுதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது.

சில மாதங்களுக்கு முன்பு தம்பி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினான். “அக்கா, இதுக்குக் கதை சொல்ல ஒரு ஆள் வேணும். உனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!”

‘டிராவலர்’ என்ற அறிவியல் புனைகதை விளையாட்டு அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளில் ஒன்று. இவற்றில் பலருக்கும் தெரிந்தது 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதில் வாளும் மந்திரமும். 1977-இல் மார்க் மில்லர் உருவாக்கிய டிராவலரில் விண்கலமும் வெவ்வேறு உலகங்களும்.

ஆடும் முறை எளிது. ஒருவர் நடுவர். அவர் இடத்தையும் சூழலையும் வர்ணித்துவிட்டு, “நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் செய்வதைச் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டினால் எட்டு அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 விதங்களில் 15 மட்டுமே அப்படி அமையும். பாத்திரத்துக்கு அந்த வேலையில் அனுபவம் இருந்தால் அதற்கும் புள்ளி சேரும். மற்றபடி தாளும் பென்சிலும் போதும்.

கிள்ளானில் அப்பா வீட்டு வரவேற்பறையில், ஒரு சனிக்கிழமை இரவு தொடங்கினோம். நான் நடுவர். தம்பி, அவன் மனைவி, என்னோடு வேலை செய்யும் ஒலிப்பதிவாளர் ஆகிய மூவரும் ஆட்டக்காரர்கள். இருபது பக்கம் எழுதி வைத்திருந்தேன். துறைமுக நகரத்தின் வாசனை, இரண்டு சூரியன்கள், சுங்க அதிகாரியின் குரல் என எல்லாம் தயார். யாராவது பதில் சொல்லத் தயங்கினால் நானே இரண்டு வழிகளைச் சொல்லிவிடுவேன். அவற்றில் எது நல்லது என்றும் சொல்லிவிடுவேன்.

இரவு பத்தரைக்குத் தம்பி பென்சிலைக் கீழே வைத்தான். “அக்கா, நீ நிகழ்ச்சி நடத்துற. நாங்க நேயர்களா?”

ஒலிப்பதிவாளர் மெதுவாகச் சொன்னார். “நான் ஒரு மணி நேரமா அந்தக் கதவு முன்னாடிதான் நிக்கிறேன். திறக்கிறதா வேணாமான்னு சொல்லவே எனக்கு நேரம் கிடைக்கல.”

சிரித்துவிட்டேன். ஆனாலும் வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது உறுத்தியது. அடுத்த வாரம் என் தாளின் மேல் பகுதியில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன்: ‘கேள். பிறகு பத்து வரை எண்ணு.’

அந்த இரண்டாவது சனிக்கிழமை தம்பி மனைவிக்கு இரவு வேலை. ஓர் இடம் காலியாக இருந்தது. தே கலக்கி எடுத்து வந்த அப்பாவைத் தம்பி அப்படியே பிடித்து உட்கார வைத்துவிட்டான். அம்மா போன இரண்டு வருடத்தில் அப்பா பேசுவது குறைந்துபோயிருந்தது. நான் வாரம் தவறாமல் போவேன், மணிக்கணக்காகப் பேசுவேன். அவர் ‘உம்’ கொட்டுவார். நன்றாகப் பேசிவிட்டு வந்தோம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

டிராவலரில் பாத்திரத்தை உருவாக்குவதே ஒரு சின்ன ஆட்டம். பதினெட்டு வயதில் தொடங்கி, நான்கு நான்கு ஆண்டுகளாக அந்த ஆளின் வாழ்க்கையைப் பகடை உருட்டி அறிய வேண்டும். 1977-ஆம் ஆண்டுப் பதிப்பில் பகடை சரியாக விழாவிட்டால் கதை தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துவிடும்! எங்களிடம் இருந்த பிந்தைய பதிப்பில் ஒரு விபத்தோடு வேலை போகும், அவ்வளவுதான். அப்பா தன் ஆளைக் கடற்படைக்கு அனுப்பினார். பகடை கைவிட்டது. கட்டாயச் சேர்ப்பில் வணிகக் கப்பலுக்குப் போனான்.

“பரவால்ல. நானும் லோரிதானே ஓட்டினேன்,” என்றார் அப்பா. துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே முப்பது வருடம் ஓட்டியவர்.

கப்பலை வாங்கிய கடனுக்கு, அதன் விலையில் 240-இல் ஒரு பங்கை மாதாமாதம் 40 ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டும் என்ற விதியைப் படித்தேன். “இது வீட்டுக் கடன விட மோசமா இருக்கே!” என்று கணக்கு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்றைய கதை ஒரு தபால் பயணம். டிராவலர் உலகத்தில் விண்மீன்களுக்கு இடையே வானொலியோ தொலைபேசியோ கிடையாது. ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப ஒரே வழி, அதைக் கப்பலில் கொண்டுபோவதுதான். ஒரு தாவலுக்கு, தூரம் எவ்வளவானாலும், ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் எந்தச் செய்தியும் பழைய செய்தியாகவே வந்து சேரும். வானொலிக்காரியான எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. கதையை அதிலேயே வைத்தேன். கப்பல் நான்கு தாவல் தாண்டி ஒரு சுரங்க உலகில் இறங்குகிறது. தபால் பையில் ஓர் அம்மாவுக்கு வந்த கடிதம். அவருடைய தாயார் இறந்துவிட்டார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்கிறார்.

“நீங்க என்ன செய்வீங்க?”

எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. தம்பி அப்பாவைப் பார்த்தான். ஐந்து, ஆறு. நாக்கு துறுதுறுத்தது. எட்டு.

“அந்தம்மா சாப்பிட்டாங்களா?” என்று கேட்டார் அப்பா.

எனக்குப் புரியவில்லை. “இன்னும் இல்லைப்பா,” என்றேன்.

“அப்ப நான் இப்ப படிக்க மாட்டேன். எல்லாரும் சுகம்னு போட்டிருக்குன்னு சொல்லுவேன். அவங்க சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் சொல்லுவேன்.”

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் கணக்கு நோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“அப்பாயிக்கு அப்படித்தான் வந்துச்சு.”

என் அப்பாயி, நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அதுவரை எனக்கும் தெரியும். தெரியாதது இதுதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தோட்ட ஆபீசிலிருந்து கடிதத்தை வாங்கி வந்தவரும் அவரே. அப்பாயியின் தாயார் இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு வந்த கடிதம் அது. அப்பாயி அப்போதுதான் பால்மரம் வெட்டிவிட்டுப் பசியோடு வந்திருந்தார். ஒன்பது வயதுப் பையன் கடிதத்தைப் பார்த்து, “எல்லாரும் சுகம்னு போட்டிருக்கும்மா,” என்று படித்தான். அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, மறுபடி முதலிலிருந்து படித்தான்.

“அதுக்கப்புறம் எங்கம்மா எந்தக் கடிதம் வந்தாலும் சாப்பிடாம இருந்து கேப்பாங்க,” என்றார் அப்பா. “நான் செஞ்சது சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். “சரிதான்பா” என்றோ, “சின்னப் பிள்ளைதானே” என்றோ. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அன்று சும்மா இருந்தேன். அப்பா தொடர்ந்தார். அப்பாயியைப் பற்றி, தோட்டத்தைப் பற்றி, கடைசியில் அம்மாவைப் பற்றியும். மணி ஒன்றாகிவிட்டது. விண்கலம் அந்தச் சுரங்க உலகத்திலேயே நின்றது.

இப்போது ஒன்பதாவது வாரம் ஆடுகிறோம். தம்பி மனைவியும் திரும்பி வந்துவிட்டார். அப்பாதான் கப்பலின் கணக்குப்பிள்ளை. தவணை இரண்டு மாதம் பாக்கி என்று எங்களை மிரட்டிக்கொண்டிருக்கிறார். எல்லா வாரமும் அந்த இரவு மாதிரி இருப்பதில்லை. பாதி நேரம் சரக்கு விலைக்குச் சண்டைதான்.

ஒலிபரப்பில் மட்டும் ஒரு மாற்றம். நேயர்கள் அழைக்கும் நேரத்தில் கேள்வியைக் கேட்டுவிட்டு மூன்று விநாடி காத்திருக்கிறேன். பத்து வரை எண்ணினால் வேலை போய்விடும். ஆனால் அந்த மூன்று விநாடிக்குப் பிறகுதான் பலர் சொல்ல வந்ததைச் சொல்கிறார்கள்.