72 ஃபிரேமும் ஒரு சங்கும்

கம்பத்திலிருந்து குமுளி ஏறி, பீர்மேடு தாண்டி, குட்டிக்கானத்தில் கட்டப்பனைச் சாலைக்குத் திரும்பினால் ஏலப்பாறை. கடைவீதியை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் தேயிலைதான். கல்யாணப் பேனர், கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் பெருநாள் போஸ்டர் என்று எல்லாவற்றையும் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக்கொடுக்கும் ஒரு டிசைனிங் கடை அங்கே இருக்கிறது. அங்குதான் ஒரு சினிமா கம்பெனியின் லோகோவை மாற்றி வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கம்பெனி என்றால் நான்கு கல்லூரி மாணவர்கள். அவர்களில் மூன்று பேர் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள், ஒருவன் மலையாளி. லோகோ வரைபவரும் தோட்டத்தில் வளர்ந்த பெண்தான். அவருடைய அம்மா இன்றும் கொழுந்தெடுக்கப் போகிறார்.

மூடிக்கிடக்கும் தோட்டத்தில், லயத்தை விட்டுப் போகாத ஒரு பாட்டியைப் பற்றியது அவர்கள் எடுத்த குறும்படம். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பீர்மேடு தாலுகாவில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. அந்தக் காலத்தில் பிறந்தவர்கள் இப்போது கேமரா தூக்கும் வயதுக்கு வந்திருக்கிறார்கள். டிரெய்லர் 80 வினாடி. அதில் 11 வினாடியை லோகோவே எடுத்துக்கொண்டிருந்தது. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்: பூமி உருண்டை சுழலும், பொறி பறக்கும், தங்க எழுத்து இடிச் சத்தத்தோடு வந்து நிற்கும்.

லோகோ வரைபவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “படத்துல எங்கயுமே தங்கம் இல்லையே தம்பி. லோகோவுல மட்டும் எங்கிருந்து வந்துச்சு?” என்றார்.

சரியான கேள்வி. நம் பக்கத்துப் பழைய கம்பெனிகளின் முத்திரைகளை நினைத்துப் பாருங்கள். ஆலப்புழையில் குஞ்சாக்கோவின் உதயா ஸ்டுடியோவுக்கு உலக உருண்டைமேல் நின்று கூவும் சேவல். திருவனந்தபுரத்து மெரிலாண்டுக்கு மயிலோடு முருகன். சென்னை ஜெமினிக்குக் குழலூதும் இரட்டைச் சிறுவர்கள். கறுப்பு வெள்ளையிலேயே அடையாளம் தெரியும். எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் இது யார் படமென்று விளங்கிவிடும். டெம்ப்ளேட் உருண்டைக்கு அந்தத் திறமை கிடையாது. அது யார் பெயரையும் தாங்கும். அதனாலேயே யாருக்கும் சொந்தமாகாது.

முதல் தகராறு எழுத்தில் வந்தது. கம்பெனியின் பெயர் ‘கொ’வில் தொடங்குகிறது. பழைய டிரெய்லரில் கொம்பு இடம் மாறி, ககரத்துக்குப் பின்னால் போய் விழுந்திருந்தது. வீடியோ மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழுக்கு இந்தக் கதிதான். தங்கத்திலும் பொறியிலும் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் யூனிகோடில் அடித்து, கொம்பும் காலும் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே எழுத்தை அவுட்லைனாக மாற்றினார். அப்படி மாற்றிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் உடையாது.

பெயர் இரண்டு மொழியிலும் வேண்டும் என்றார்கள். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) கூட தமிழ்நாட்டுச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் தயாரிப்புதான். இந்த மலையில் இரண்டு மொழியும் ஒரே பலகையில் நிற்பது யாருக்கும் புதிதல்ல. எனக்குப் பிடித்த வேலை இங்கேதான் நடந்தது. மலையாளத்திலும் ‘கொ’வுக்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். இதைக் கண்ட அவர் இரண்டுக்கும் ஒரே தடிமனில் கோடு இழுத்தார். நடு எழுத்து மட்டும் மொழிக்கு மொழி மாறியது. ஒன்று பெரிதாகவும் மற்றது அடிக்குறிப்பு போலவும் கிடக்காமல் இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன.

பின்னணியில் மஞ்சு, அதாவது மூடுபனி. இருட்டிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மெல்ல மாறும் திரை, கடை மானிட்டரில் அழகாகத்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தால் பட்டை பட்டையாகப் பிரிந்தது. வீடியோவைச் சுருக்கும்போது அருகருகே உள்ள நிறச்சாயல்கள் ஒன்றாகிவிடுவதால் வரும் கோளாறு அது. மேலே பொடிமணலாகக் கொஞ்சம் கிரெயின் தூவினார், பட்டை மறைந்தது.

நீளத்தை 3 வினாடியாக வெட்டினார். வினாடிக்கு 24 வீதம் 72 ஃபிரேம். அதற்குள் எதைச் சொல்வது? சங்கு என்றான் ஒரு மாணவன். ஃபேக்டரி சைரனுக்கு இங்கே சங்கு என்றுதான் பெயர். தோட்டத்து நேரமே அதன் கையில் இருந்தது. படத்தில் வரும் தோட்டத்தில் அது ஊதி வருஷங்களாயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு ஃபேக்டரியின் கேட்டில் நின்று போனில் பதிவுசெய்து வந்திருந்தார்கள். முழுச் சங்கும் 3 வினாடியில் அடங்காது. அடியிலிருந்து ஏறும் பகுதியை மட்டும் லோகோவில் வைத்து, மிச்சத்தைப் பாட்டி கதவைத் திறக்கும் முதல் ஷாட்டின் கீழே ஓடவிட்டார். லோகோ முடிந்து படம் தொடங்கும் இடம் தெரியவே இல்லை. உருண்டை சுழன்றபோது படம் அதற்காகக் காத்துக்கிடந்தது. இப்போது லோகோவே படத்தின் முதல் மூச்சாகிவிட்டது. சின்னக் கம்பெனிகள் காசு செலவழிக்காமல் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அவருடைய அம்மா வந்தார். போனில் போட்டுக்காட்டினார்கள். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“இது எந்த ஃபேக்டரி சங்குப்பா?”

மாணவன் சொன்னான்.

“அதான். அந்தப் பாட்டி இருக்கிற எஸ்டேட்டுச் சங்கு இப்படிக் கீச்சுன்னு கத்தாது. இன்னும் கட்டையா இருக்கும். நான் கல்யாணத்துக்கு முன்னாடி அங்கதான வேலை பார்த்தேன்.”

மகள் சுருதியைக் கொஞ்சம் இறக்கினார். இல்லை என்று தலையாட்டினார் அம்மா. இன்னும் இறக்கினார். “ஆங், இதான்.”

இன்ஸ்டாகிராமுக்கு நெட்டுவாக்கில் ஒன்று, போஸ்டருக்குக் கறுப்பு வெள்ளையில் ஒன்று என்று மேலும் இரண்டு வடிவங்கள் பாக்கி. அவை ரெண்டர் ஆகிக்கொண்டிருந்தபோது இயக்குநர் மாணவன் கேட்டான்: “அக்கா, டைட்டில் டிசைன்னு உங்க பேரைப் போடுறோம். ஒலி உதவின்னு அம்மா பேரையும் போட்டுக்கலாமா?”

“போடு. இனிஷியல் விட்டுராத” என்று சொல்லி, பில் புத்தகத்தின் ஓரத்தில் அம்மாவின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.