உஷா சொல்லாத பதில்

அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்த வருடம்தான் நான் உஷாவின் கதையை எழுத ஆரம்பித்தேன். ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் வீடு பழனி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வரும் காய்கறி லாரிகளின் சத்தம் ராத்திரியிலும் கேட்கும். எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு எழுதுவேன்.

உஷா என் கற்பனை இல்லை. 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'மின்னல் முரளி' என்ற மலையாளப் படத்தில் வருகிறவள். பேசில் ஜோசப் இயக்கிய படம். அதில் நம் குரு சோமசுந்தரம் ஷிபுவாக நடித்திருப்பார். உஷாவை 28 வருடமாக மனதில் வைத்துக் காத்திருப்பவன் ஷிபு. மின்னல் தாக்கி அவனுக்கு அபூர்வ சக்தி வருகிறது. கை படாமலே பொருள்களை அசைக்கிறான். உஷாவுடைய மகளின் சிகிச்சைக்காக வங்கியைக் கொள்ளையடிக்கிறான். கடைசியில் அவள் சம்மதிக்கிறாள். சேர்ந்து வாழத் தொடங்கும் முன்பே தீயில் செத்துப்போகிறாள். அதன்பின் மிச்சப் படம் அவனுடைய கோபம்.

ஷிபுவுக்காக நானும் அழுதேன். உஷா பிழைத்திருந்தால் என்று யோசித்தேன். ஏற்கெனவே இருக்கும் கதையின் பாத்திரங்களை எடுத்து ரசிகர்கள் தாங்களே எழுதிப் பார்க்கும் கதைக்கு 'ஃபேன் ஃபிக்ஷன்' என்று பெயர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

என் கதையில் உஷா தீயிலிருந்து தப்பிக்கிறாள். இருவரும் ஊர் ஊராக ஒளிகிறார்கள். இருபது அத்தியாயம் வரை எந்தச் சிரமமும் இல்லை. துரத்த போலீஸ் இருந்தது, பிடிபடும் பயம் இருந்தது. படித்த தோழிகள் அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இருபத்தோராவது அத்தியாயத்தில் ஆபத்தெல்லாம் தீர்ந்தது. இருபத்திரண்டில் கோயிலில் தாலி கட்ட வைத்தேன். எழுதி முடித்துப் படித்தால், ஆறிப்போன காப்பி மாதிரி இருந்தது. மழை பெய்ய வைத்தேன், உஷாவை அழ வைத்தேன், பக்கத்தை நீட்டினேன். எதுவும் ஒட்டவில்லை.

அதே மாதம் எங்கள் வீட்டிலும் ஒரு கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை மகன் ஒருவர் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருந்தார். "இவளுக்காகத்தான் இத்தன வருசமா காத்துக் கெடக்கான். பிள்ளையோட ஏத்துக்கிறேங்கிறான். இதவிட என்ன வேணும்?" என்பாள் அப்பத்தா. மாமா நல்லவர். அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடப் பீஸ் கட்டியவரும் அவர்தான். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். பூக் கட்டிக்கொண்டிருந்தால் கட்டிக்கொண்டே இருப்பாள்.

ஒரு ராத்திரி கடைசி அத்தியாயத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

"உஷா வேண்டாம்னு சொல்லியிருந்தா அவன் என்னடி பண்ணியிருப்பான்?"

"அவன் நல்லவன்க்கா."

"நல்லவன்தான். ஆனா அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவதான் ஒரு தடவகூட வேண்டாம்னு சொல்லிப் பாக்கலையே."

எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது அத்தியாயமும் இருவரும் சேர்வார்களா என்ற கேள்வியில் ஓடியிருந்தன. தாலி ஏறியதும் அந்தக் கேள்வி செத்துவிட்டது, கதையும் படுத்துவிட்டது. அக்கா கேட்டது அதற்கடியில் கிடந்த கேள்வி. ஒருவனுடைய 28 வருடக் காத்திருப்பு, அவளைக் கேட்காமலே அவள் பேரில் ஏறிய கடன். மகளின் சிகிச்சைப் பணம் அதற்கு வட்டி. கடன்பட்டவள் சொல்லும் சரியில் எவ்வளவு அவளுடையது? அவனோ சுவரையே பெயர்க்கக்கூடியவன். அந்தக் கேள்வியை எந்தத் தாலியாலும் முடித்துவைக்க முடியாது.

கல்லூரியில் படித்த மணிமேகலை அப்போது நினைவுக்கு வந்தாள். சாத்தனாரின் மணிமேகலை வான்வழியே போவாள், வேற்றுருக் கொள்வாள். இன்றைக்கு எழுதினால் அவளும் சூப்பர் ஹீரோதான். உதயகுமரன் மேல் தன் மனம் போவதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் தேடி வரும்போது காயசண்டிகையின் உருவெடுத்து விலகுகிறாள். அவன் விடாமல் தொடர்கிறான். மனைவியின் பின்னால் வருகிறான் என்று நினைத்த காஞ்சனன் அவனை வெட்டிவிடுகிறான். மணிமேகலை துடித்துப்போகிறாள். அந்தக் காதல் நிறைவேறவும் இல்லை, இல்லையென்று ஆகிவிடவும் இல்லை. அதனால்தான் அந்த இடம் இன்னமும் வலிக்கிறது.

கடைசி அத்தியாயத்தை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கோயிலும் மழையும் இல்லை. காலையில் டீ போட்டுக்கொண்டிருக்கிறாள் உஷா. கல்யாணப் பேச்சை எடுக்கிறான் ஷிபு. "இப்ப வேண்டாம்" என்கிறாள். அலமாரியில் பாத்திரங்கள் அதிர்கின்றன. அவை நிற்கும்வரை அவள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு டீயை ஆற்றி இரண்டு டம்ளரில் ஊற்றுகிறாள். அவ்வளவுதான். அவன் எழுந்து போனானா, உட்கார்ந்து குடித்தானா என்று நான் எழுதவில்லை.

சில தோழிகளுக்குக் கோபம். கதையை முடிக்கத் தெரியவில்லை என்றார்கள். ஒருத்தி மட்டும், படிக்கும்போது தன் வீட்டுப் பாத்திரமும் அதிர்ந்த மாதிரி இருந்தது என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "மாமா, நான் இன்னும் யோசிக்கல. ஒரு வருசம் ஆகலாம். வேண்டாம்னும் சொல்லலாம்" என்றாள். அப்பத்தா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். நான் அடுக்களை வாசலில் நின்று அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.