வேலிப் பொட்டு

கிளிநொச்சியில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தறி, சூளை எண்டு தேடித் தேடிப் போறாய். இந்தச் சனி ஞாயிறு பளைக்குப் போ. மூண்டு பேர் இருந்து ஒரு கேம் செய்யப்போகினம். இரண்டு நாளுக்குள்ள முடிக்கவேணும். அதுவும் கைவேலைதான்."

கேம் ஜாம் என்று இதற்குப் பெயர். ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். கொடுத்த நிமிடத்திலிருந்து கணக்கு ஓடும். அந்த நேரத்துக்குள் விளையாடக்கூடிய ஒன்றைச் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். 2002இல் தொடங்கிய லூடம் டேர் இதில் பழையது. 2009இல் குளோபல் கேம் ஜாம் முதன்முதலாக 23 நாடுகளில் ஒரே வார இறுதியில் நடந்தது. பெரும்பாலும் பரிசென்று எதுவும் கிடையாது. செய்து முடித்தோம் என்பதுதான் மிச்சம். பளைப் பிள்ளைகள் சேர்ந்திருந்த ஜாமுக்கு நம் நேரப்படி சனி அதிகாலை 3.30க்குத் தலைப்பு வரும், திங்கள் அதிகாலை 3.30க்குக் கதவு மூடும். கணக்கில் 48 மணித்தியாலம். ஆனால் அவர்களில் ஒருத்திக்கு அவ்வளவு இல்லை. சனி மதியம்வரை அவளுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை.

சனி பின்னேரம் ரயிலால் இறங்கினேன். 2014 மார்ச்சில் யாழ்தேவி பளைவரை ஓடத் தொடங்கியபோது, அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணம் திறக்கும்வரை வடக்கே கடைசி நிலையம் இதுதான். புலோப்பளைப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவளுடைய தம்பி சைக்கிளோடு நின்றான், பன்னிரண்டு வயதிருக்கும். படலையால் போனால் ஒழுங்கையைச் சுற்ற வேண்டுமென்று பக்கத்து வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய், வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்தான். நானும் குனிந்தேன்.

வடக்குக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பொட்டு என்றால் வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு இருக்கும் இடைவெளி. சிலது நாய் போட்டது, சிலது சண்டை தீர்ந்த பிறகு இரண்டு வீட்டாரும் சம்மதித்து விட்டது. கறிக்கிண்ணம் போவதும் ஊர்க்கதை வருவதும் அதற்குள்ளால்தான். மதில் கட்டத் தொடங்கிய பிறகு பொட்டும் போகிறது.

உள்ளே கொட்டிலில் அம்மம்மா வேலி அடைக்கும் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே பிளாஸ்டிக் கதிரையில் லப்டொப். நிலத்தில் பாயில் அவள். பக்கத்தில் அறிவியல் நகரில், யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கும் ஒரு பையன். மூன்றாவது ஆள் தம்பி. செய்ததை விளையாடிப் பார்ப்பது அவன் வேலை.

வந்திருந்த தலைப்பு 'எல்லை'. பளையில் இருந்துகொண்டு எல்லை என்றால் மனம் முதலில் முகமாலைக்குத்தான் போகும். ஆண்டுக்கணக்கில் முன்னரங்கு அங்கேதான் இருந்தது. போர் முடிந்த பிறகும் ஹலோ ட்ரஸ்ட் ஆட்கள், அவர்களில் இந்தப் பக்கத்துப் பெண்கள் பலர், முழங்காலில் இருந்து சாண் சாணாக அந்த மண்ணைக் கிளறிக் கண்ணிவெடி எடுத்தார்கள். பொறியியல் பையன் அதிகாலையிலேயே ஒரு யோசனை எழுதி வைத்திருந்தான்: விண்டோஸில் எல்லோரும் விளையாடிய மைன்ஸ்வீப்பரை முகமாலையாக மாற்றினால் என்ன? அவள் வேலையால் வந்து அதை வாசித்திருக்கிறாள். "வேண்டாம். என்ர சித்தி அந்த வேலைக்குப் போறவ" என்று மட்டும் சொன்னாளாம். அவன் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டான். அதைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

எல்லை வேலியானது அம்மம்மாவால். அவரைக் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிடுகு பின்னுவதை ஒருதரம் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். மட்டையை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, பாதிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்திருந்தார். ஊறின ஓலைக்கு ஒரு புளித்த மணம். குந்தியிருந்து, மட்டையைக் காலால் அமத்திக்கொண்டு, ஒரு ஓலையை மடக்கி அடுத்ததற்கு மேலே விடுவார், அதற்கு அடுத்ததற்குக் கீழே. மேல், கீழ், மேல், கீழ். கண் வேலையில் இல்லை, என்னோடு கதைத்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கை நின்றது. இரண்டு தரம் மேலே போய்விட்டது. ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினார்.

அதுதான் விதி. விளையாடுபவர் ஒரு ஓலையின் நுனி. சதுரங்களில் நகரும்போது பின்னால் ஓலை நீண்டுகொண்டே வரும். குறுக்கே வேறு ஓலைகள் கிடக்கும். முதல் ஓலையை மேலால் கடந்தால் அடுத்ததைக் கீழால்தான் கடக்கலாம், பிறகு மேல். நிலத்தோடு கிடக்கும் ஓலையை மேலால் மட்டும் கடக்கலாம், தூக்கி நிற்பதைக் கீழால் மட்டும். படலைக்குப் போய்ச் சேர வேண்டும். இவ்வளவுதான்.

எழுத்தே வேண்டாம் என்றும் முடிவெடுத்தார்கள். அது நல்ல முடிவு. கேம் செய்யும் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து மறுபக்கம் விழும். கொடோ என்ற இலவசக் கருவியில்கூட 2023இல் நான்காம் பதிப்பு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. இவர்கள் எடுத்தது பசில்ஸ்கிரிப்ட். ஸ்டீபன் லவெல் என்பவர் 2013இல் இலவசமாக விட்டது. உலாவியிலேயே ஓடும், ஒரு பொருளை 25 புள்ளிகளில், ஐந்துக்கு ஐந்தாக வரைய வேண்டும். 25 புள்ளிக்குள் ஓலையும் நிழலும் காட்ட அவள் அரை மணித்தியாலம் போராடினாள். நிழலுக்கு ஒரு புள்ளியைக் கறுப்பாக்கியதும் ஓலை நிலத்திலிருந்து எழும்பி நின்றது. பையன் விதிகளை எழுதிய பகுதி எனக்கு விளங்கவில்லை. விட்டுவிடுகிறேன்.

எனக்கு விளங்கியது கொப்பி. கணக்குப் பாடத்துக்கு வாங்கும் சதுரக் கொப்பி, பென்சில், தேய்ந்துபோன அழிறப்பர். புதிர்ப் பலகைகளை அவள் கணினியில் செய்வதில்லை. கொப்பியில் கீறி, விரலை நுனியாக வைத்து நடந்து பார்ப்பாள். தொழிற்சாலை பஸ்ஸிலும் இதே வேலைதானாம். பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். முதல் பக்கங்களில் எல்லாம் பெட்டி தள்ளும் சோகோபான். ஜப்பானில் ஹிரொயுகி இமபயாஷி 1981இல் உருவாக்கியது, பண்டகசாலைக்காரர் பெட்டிகளைத் தள்ளி இடத்தில் வைப்பது. தள்ளலாம், இழுக்க முடியாது. அந்த ஒரு முடியாமையில் நாற்பது ஆண்டாக மனிதர்கள் புதிர் செய்கிறார்கள். பின்னால் சில பக்கங்களில் 'பாபா இஸ் யூ'. பின்லாந்தின் ஆர்வி தெய்க்காரி 2017 நோர்டிக் கேம் ஜாமில், இதே மாதிரி ஒரு வார இறுதியில் செய்தது. அதில் விதிகளே சொற்களாகப் பலகையில் கிடக்கும். சொல்லைத் தள்ளி வசனத்தை உடைத்தால் சுவர் தடுக்காது. அவள் அதைத் தமிழில் செய்து பார்த்திருக்கிறாள். "தமிழில நடுச்சொல்லு தேவையில்லை அண்ணை. 'சுவர் தடை' எண்டாலே வசனம் முடிஞ்சுது. மூண்டு பெட்டி அங்க, ரெண்டு பெட்டி இங்க. புதிரே மாறிப்போச்சு." இலக்கணம் படித்த எனக்கு இது அதுவரை தோன்றியதே இல்லை.

ஓலை விளையாட்டின் மூன்றாம் பலகையைச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் படலைக்கும் நடுவே இரண்டு ஓலைகள், இரண்டும் நிலத்தோடு கிடப்பவை. முதலாவதை மேலால் கடந்தாயிற்று. அடுத்த முறை கீழ். ஆனால் முன்னால் இருப்பதும் நிலத்து ஓலை, கீழால் வழியில்லை. பக்கத்தில் ஒரு மூலையில், எந்த வழியையும் மறிக்காமல், ஒரு ஓலை தூக்கி நிற்கிறது. அதற்கும் படலைக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே போய் அதற்குக் கீழால் புகுந்து, நுனியைச் சுற்றித் திரும்பி வந்தால் இப்போது மேல் முறை. படலை திறந்துவிடும். நான் இருபது நிமிடம் நேரே முட்டிக்கொண்டிருந்தேன். விளங்கிய கணத்தில் எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. அவள் சிரிக்கவில்லை. நான் எந்தச் சதுரத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை தம்பியின் முறை. பார்ப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். அவள் தாவணி நுனியை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் ஐந்து பலகைகளை முடித்தான். ஆறாவதில் முதலில் வரும் ஓலை தூக்கி நிற்பது. தொடக்கம் எப்போதும் மேல் முறை. ஆகவே தூரத்து மூலையில் கிடக்கும் நிலத்து ஓலையைத் தேடிப் போய்க் கடந்து வர வேண்டும், முப்பது அடிக்கு மேல் நடை. அவன் இருந்த இடத்திலேயே ஒரு சின்ன வட்டம் அடித்தான். தன் பின்னால் கிடந்த தன் ஓலையையே மேலால் கடந்தான். கீழ் முறை வந்தது. நேரே புகுந்து போய்விட்டான்.

"பொட்டு!" என்று கத்தினான் பொறியியல் பையன். ஒரே வரியில் அடைத்துவிடலாம் என்றான். தன் ஓலையைத் தான் கடக்கக் கூடாது என்று எழுதினால் முடிந்தது, எட்டுப் பலகையும் தப்பும். நேரம் பதினொன்று. எனக்கும் அது சரியென்றே பட்டது.

அவள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மதியச் சாப்பாடு ஆறியது. திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் ஏமாத்தேல்லை. எங்கட விதியை எங்களைவிட நம்பி விளையாடியிருக்கிறான். முடிச்சுப்போட மூண்டு வரிசை அகலம் வேணும். ரெண்டு வரிசை ஒழுங்கையில ஏலாது. அப்ப இனிப் புதிர் அதுதான், எங்க முடிச்சுப்போட இடம் இருக்கு, எங்க இல்லை." நான்கு பலகைகளைப் பென்சிலால் குறுக்கே வெட்டினாள். மிச்சம் பதினைந்து மணித்தியாலம்.

தேத்தண்ணி வந்தது. நான் பணத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை. ஆனால் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியாது.

போன வருடம் ஒருவர் அவளைத் தேடி வந்திருக்கிறார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குப் பிள்ளைகளுக்கான கணக்கு விளையாட்டு, அதற்குப் பலகைகள் வேண்டும். நாற்பது பலகை செய்து கொடுத்தாள். முதல் தவணை வந்தது, இரண்டாவது பாதி வந்தது, மூன்றாவது வரவே இல்லை. டொலரில் என்ன விலை பேசப்பட்டது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. விளையாட்டில் அவள் பெயரும் இல்லை. அம்மம்மாவின் கிடுகுக்கும் ஒருவர் வருகிறார், லொறியில். கட்டு என்ன விலைக்குக் கை மாறுகிறது என்று அம்மம்மாவுக்கும் தெரியாது. இரண்டு வேலைக்கும் நடுவில் இரண்டு தலைமுறை. நடுவில் நிற்கும் ஆள் மட்டும் மாறவில்லை. ஓலையை ஊறவைத்தவளுக்கும் பலகையைக் கீறியவளுக்கும் விலை தெரியக் கூடாது என்பதில்தான் அந்த ஆளின் பிழைப்பு இருக்கிறது. தொழில் தெரியாத ஒருவர், தொழில் தெரிந்தவரிடமிருந்து வாங்குபவரை மறைத்து வைப்பதற்குக் கூலி எடுக்கிறார். இதை நாம் வியாபாரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நேரே விற்கலாமே என்பவர்களுக்கு: இலங்கையிலிருந்து பேபாலில் பணம் செலுத்தலாம், பெற முடியாது என்ற நிலைமை ஆண்டுக்கணக்காக இருந்தது. ஸ்டீம் கடையில் ஒரு விளையாட்டை வைக்கவே 100 டொலர் கட்ட வேண்டும், விற்றால் 30 சதவீதம் கடைக்கு. ஆடைத் தொழிற்சாலைச் சம்பளத்தில் 100 டொலர் எவ்வளவு பெரிய காசு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் படிப்பிக்க இங்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். யாழ் ஐ.ரி. ஹப் போன்றவை நல்ல வேலை செய்கின்றன. விலை பேசவும் ஒப்பந்தம் வாசிக்கவும் யார் படிப்பிக்கப் போகிறார்கள்?

அவள் கோபப்படவில்லை. "அந்த நாப்பதில நல்லது ஒரு ஒன்பதுதான்" என்றாள். பிறகு 'வெண்பா'வைப் பற்றிப் பேசினாள். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைப் புதிராக்கிய விளையாட்டு. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, அடுத்த வருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற விருது வாங்கியது. வாங்கி விளையாட வசதியில்லை, காணொளியில் பார்த்தாளாம். அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்திருக்கும், மிச்சத்தை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். "கிழிஞ்ச இடம்தான் புதிர். எவ்வளவு கிழிக்கலாம் எண்டு அவைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அந்த அளவைப் பற்றித்தான் ஞாயிறு இரவு முழுக்க அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரவு ஒன்பதுக்குக் கரண்ட் நின்றது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. லப்டொப் பற்றரி இருந்தது, தொலைபேசி வெளிச்சத்தில் கொப்பி இருந்தது. நாற்பது நிமிடத்தில் கரண்ட் வந்தது. அம்மம்மா எழும்பி வந்து, "இந்தப் பிள்ளை விடிய விடிய உதுக்குள்ளதான் கிடக்குது தம்பி" என்று என்னிடம் முறையிட்டுவிட்டு, திரையை உற்றுப் பார்த்தார். கடைசிப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வரிசை ஒழுங்கை ஒன்று, அதன் முடிவில் மூன்று வரிசை அகலத்தில் ஒரே ஒரு முற்றம். "உதில ரெண்டு தரம் மேல போயிட்டுது" என்றார். அம்புக்குறிச் சாவி எது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவள் பார்த்தாள். உண்மைதான், பையன் எழுதிய விதியில் முடிச்சு மூலையோடு ஒட்டி வந்தால் முறை மாறாமல் விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்த இரண்டு மணி ஆயிற்று.

ஏழு பலகைகள். 3.11க்கு ஏற்றினார்கள். பையன் அப்படியே பாயில் சரிந்துவிட்டான். அவள் முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ். சத்தத்தில் தம்பி அரைக்கண் திறந்தான்.

"அக்கா, என்ர பொட்டை அடைக்கேல்லைத்தானே?"

"இல்லையடா."

அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.