மிச்ச அறை

2013 ஏப்ரலுக்குச் சில கிழமைகள் முன்னர், கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் அலுவலகத்தில் ஓர் அம்மாவுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வயது. கணவர் இறந்துவிட்டார். மகன் கனடாவுக்குப் போய்விட்டான். இரண்டு படுக்கையறை கொண்ட கவுன்சில் வீட்டில் தனியே இருந்தார். அதிகாரி சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"உங்கட வீட்டில ஒரு ஸ்பேர் றூம் இருக்காம். அதால ஏப்ரலில இருந்து வாடகைக்குக் குடுக்கிற உதவிக்காசைக் குறைக்கப் போயினமாம்."

"ஸ்பேர் எண்டா?"

"மிச்சம்."

"மிச்சமோ? அதுக்குள்ள என்ர தையல் மெசினும் சாமிப்படங்களும் எல்லோ இருக்கு, தங்கச்சி."

இதை ஆங்கிலத்தில் சொன்னபோது அதிகாரி சிரித்தார். நல்ல மனிதர்தான். விதி பொருட்களை எண்ணுவதில்லை, ஆட்களைத்தான் எண்ணும் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த விதியை அரசு 'மேலதிக அறை மானிய நீக்கம்' என்று அழைத்தது. சனங்கள் அதற்குப் 'படுக்கையறை வரி' என்று பெயர் வைத்தார்கள். 2012ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வந்தது. கவுன்சில் வீடுகளிலும் வீட்டுச் சங்கங்களின் வீடுகளிலும் இருக்கும், ஓய்வூதிய வயதை எட்டாதவர்களுக்கு உரியது. ஒரு தம்பதிக்கு ஓர் அறை. பதினாறு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. அதற்குக் குறைந்த வயதில் ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் அறை. பத்து வயதுக்குக் கீழென்றால் ஆணும் பெண்ணும் ஒரே அறையில். இந்தக் கணக்குக்கு மேல் ஓர் அறை இருந்தால், உதவிப்பணத்துக்குக் கணக்கெடுக்கும் வாடகையில் 14 வீதம் வெட்டு. இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 வீதம். அறையின் நீள அகலத்தைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. பெற்றோர் பிரிந்து, பிள்ளை இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருந்தால் ஒரு வீட்டில் மட்டும்தான் எண்ணப்படும். மற்ற வீட்டில் அந்தப் பிள்ளையின் கட்டில் மிச்சம்.

இதையெல்லாம் பெண்களுக்கு விளங்கப்படுத்திக் கூலி வாங்கிக்கொண்டிருந்த எனக்கும் 2015இல் கடிதம் வந்தது. மகள் படிப்பு முடித்து லீட்ஸில் வேலை கிடைத்துப் போயிருந்தாள். மொழிபெயர்ப்பு வேலை கிழமைக்குக் கிழமை கூடிக் குறையும். வாடகையின் ஒரு பகுதிக்கு உதவிப்பணம் எடுத்துக்கொண்டிருந்தேன். கிழமை வாடகை 118 பவுண். அதில் 14 வீதம் 16 பவுண் 52 பென்ஸ். எனக்கு அது ஒரு கிழமை மரக்கறியும் அரிசியும் பாலும்.

மகளின் அறை ஒரு கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலில் இருந்து யோசித்தேன். உண்மையிலேயே இது எனக்குத் தேவையில்லாத அறைதானா?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருந்த வீட்டில் அறைகள் இருந்தன. அம்மாவுக்கு அறை இருக்கவில்லை. அப்பாவுக்கு ஓர் அறை, அண்ணாவுக்குப் படிக்க ஓர் அறை, சாமிக்கு ஓர் அறை. அம்மாவின் பாய் குசினிக்குப் பக்கத்துச் சுவரில் சாத்தியிருக்கும். இரவில் எல்லோரும் படுத்த பிறகு விரிப்பா, விடிய எழும்பினால் சுருட்டிவிடுவா. நானும் அக்காவும் அம்மாவோடு. ஆட்களை எண்ணி அறை கொடுக்கும் கணக்கு எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்தக் கணக்கில் பெண்கள் வரவில்லை.

கலியாணம் முடித்து இரண்டாம் வருடம் கணவர் முதன்முதலாகக் கைநீட்டினார். நான் அம்மா வீட்டுக்குப் போனேன். அண்ணாவுக்குக் கலியாணமாகியிருந்தது. அறைகள் நிறைந்திருந்தன. விறாந்தையில் மூன்று இரவு படுத்தேன். நாலாம் நாள் அம்மா சொன்னா, "பிள்ளை, இஞ்சை உனக்கு எங்கை இடம் கிடக்கு? போய்ச் சமாளி." அம்மாவில் இப்போது எனக்குக் கோபமில்லை. தனக்கென்று ஓர் அறை இல்லாதவ எனக்கு எங்கிருந்து தருவா? திரும்பிப் போனேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகும் பல வருடம் அந்த மனிதரோடு இருந்தேன். மகளுக்கு ஒன்பது வயதானபோதுதான் வெளியே வந்தேன். பெண்கள் காப்பகத்தில் எட்டு மாதம் ஒரே அறையில் இருந்த பிறகு கிடைத்தது இந்த வீடு.

ஆகவே மகளின் அறை எனக்கு மிச்சமல்ல. நாளைக்கு அவளுக்கு ஒன்று நடந்தால் அவள் கேட்காமலே வந்து படுக்க ஒரு கட்டில். பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

வெட்டு வந்தவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட வழிகள் மூன்று: சின்ன வீட்டுக்கு மாறுங்கள், கூட வேலை செய்யுங்கள், அறையை வாடகைக்கு விடுங்கள். ஓர் அறை வீட்டுக்குப் பதிந்தேன். கிடைக்கவில்லை. கூட வேலை கேட்டேன். இருக்கவில்லை. மூன்றாவது வழியைச் சொன்ன இளம் அதிகாரியிடம், ஓர் ஆணுக்குப் பயந்து ஓடிவந்து கிடைத்த வீட்டில் எந்த அந்நியரைக் கொண்டுவந்து வைப்பது என்று கேட்டேன். அவர் கணினியைப் பார்த்தார்.

2016 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தேன். 'ஏ' என்று மட்டும் குறிப்பிடப்பட்ட ஒரு பெண். மகனோடு மூன்று அறை வீட்டில் இருந்தார். பாலியல் வன்முறை செய்தும் கொலை மிரட்டல் விடுத்தும் வந்த ஒருவனிடமிருந்து அவரைக் காக்க, அரச திட்டமொன்றின் கீழ் அந்த வீட்டைப் பலப்படுத்தி, பதுங்கிக்கொள்ள ஒரு பாதுகாப்பு அறை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். அதே வீட்டில் ஓர் அறை மேலதிகம் என்று 14 வீதம் வெட்டினார்கள். அரசின் ஒரு கை 'இங்கேயே பத்திரமாக இரு' என்று பூட்டுப் போட்டுக் கொடுத்தது. மறு கை 'சின்ன வீட்டுக்குப் போ' என்று தள்ளியது. உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாக அவருடைய வழக்கை நிராகரித்தது. லேடி ஹேலும் லோர்ட் கார்ன்வாத்தும் உடன்படவில்லை. 2019 ஒக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குப் பாரபட்சம் காட்டப்பட்டது என்று தீர்த்தது. 2021 ஒக்டோபரில்தான் இப்படிப் பாதுகாப்புச் செய்யப்பட்ட வீடுகளுக்கு விதிவிலக்கு வந்தது. விதி தொடங்கி எட்டரை வருடம்.

அந்த விதிவிலக்கு வீட்டைப் பலப்படுத்தி, பத்திரங்களில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு. என்னைப் போன்றவர்களுக்கு அல்ல. என் வீட்டுக் கதவில் யாரும் இரும்புச் சட்டம் போடவில்லை. வாசலுக்கு வருபவர்களையும் யாரும் பதிவதில்லை. 2018 மாரியில் தெரிந்த ஒருவரின் மருமகள் இரண்டு வயதுக் குழந்தையோடு இரவு பதினொரு மணிக்கு வந்தாள். செருப்பு மாறிப் போட்டிருந்தாள். மகளின் கட்டிலில் மூன்று இரவு படுத்தாள். நாலாம் நாள் நான் அவளை விறாந்தைக்கு அனுப்பவில்லை, திரும்பிப் போகச் சொல்லவுமில்லை. காப்பகத்தில் இடம் கிடைக்கும்வரை இன்னும் ஐந்து இரவு இருந்தாள். அந்த எட்டு இரவுகளையும் எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அந்த எட்டு இரவுகளுக்கும் நான் 14 வீதம் கட்டினேன்.

2024இல் எனக்கு 66 வயதானது. ஓய்வூதிய வயது வந்ததும் விதி என்னை விட்டுவிட்டது. பிறந்தநாளுக்கு முதல்நாள் மிச்சமாக இருந்த அறை அடுத்த நாள் மிச்சமில்லை. ஒன்பது வருடமாகக் கட்டியதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அன்று தையல் மெசினைப் பற்றிச் சொன்ன அம்மாவும் விதியைத் தாண்டியிருப்பா. ஆனால் இன்று ஐம்பது வயதில் தனியே இருக்கும் பெண்ணுக்கு இங்கிலாந்தில் விதி அப்படியே இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் அங்கத்தைய அரசு பணம் கொடுத்து அந்த வெட்டை ஈடுசெய்கிறது. செய்ய நினைத்தால் செய்யலாம் என்பதற்கு அது போதும்.

மகள் இதுவரை அந்த அறைக்கு அழுதுகொண்டு வரவில்லை. லீட்ஸில் நன்றாக இருக்கிறாள். வருடத்தில் நான்கு தரம் வந்து, கட்டில் சின்னன் என்று முறைப்பாடு சொல்லிப் படுத்துவிட்டுப் போகிறாள். அவள் வேறு விதமாக வரவே கூடாது என்பதுதான் என் ஆசை. ஆனாலும் மாதம் ஒருமுறை படுக்கை விரிப்பைத் தோய்த்து மாற்றுகிறேன். அலுமாரியில் ஒரு புதுத் துவாயும் இரண்டு அளவில் குழந்தைச் சட்டைகளும் வைத்திருக்கிறேன்.