வகுப்பே சேர்ந்து எழுதட்டும்
தாம்பரம் ரயிலில் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் தோன்றுகிறது: பாடத்தை அவர்களே எழுதட்டும்.

வாரம் இருவர் நடந்த பாடத்தைச் சொந்த நடையில் எழுத வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்டுத் திருத்த வேண்டும். ஆசிரியர் கடைசியில் பேசினால் போதும்.

1990களில் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் எரிக் மசூர் மாணவர்களையே ஒருவருக்கொருவர் விளக்க வைத்தார். நேற்றுப் புரிந்துகொண்டவருக்குத்தான் புதிதாகப் படிப்பவருக்கு எந்த இடத்தில் சிக்கும் என்று தெரியும்.

1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் எட்வர்ட் பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியராக இருந்தார்; செடிகொடிகளையும் ஆராய்ந்தார். ஆசிரியரும் கற்பவராக இருந்த ஊர் இது; மாணவர் எழுதுவதிலிருந்தும் ஆசிரியர் கற்கலாம்.

வகுப்பில் வாய்திறக்கத் தயங்கும் முதல் தலைமுறைப் பிள்ளை எழுத்தில் கேட்கும். ஆசிரிய நண்பர்களே, இந்தப் பருவத்தில் ஒரு பாடத்திலாவது தொடங்குங்கள்.