மிலிட்டரி சட்டை

நான் பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனால் 2017-இல், மும்பை ஹார்பர் லைன் ரயிலில் என்னோடு வந்த பலர் என்னைப் பட்டாளத்துக்காரன் என்றே நினைத்தார்கள். நினைக்க வைத்தவன் நான்தான்.

ராணுவ ஆள்சேர்ப்பில் அப்போது 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 45 விநாடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். பாதியிலேயே எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அந்த ஆற்றாமையில், தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் ஒரு தையல்கடையில் மிலிட்டரி துணியில் சட்டை தைத்துக்கொண்டேன். அடையாள அட்டை யாரும் கேட்கவில்லை. பதான்கோட்டில் தீவிரவாதிகள் ராணுவ உடையில் வந்து தாக்கினார்களே, அதற்குப் பிறகு, 2016 ஜனவரியில், பொதுமக்கள் இதை அணியாதீர்கள், கடைக்காரர்கள் விற்காதீர்கள் என்று ராணுவமே கேட்டுக்கொண்டிருந்தது. பேப்பரில் படித்தேன். படித்துவிட்டுத்தான் தைத்தேன்.

சும்மா ஸ்டைலுக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு, சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு போட்டாயா என்று கேட்டது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 168-ஆம் பிரிவு, அபராதம் 2,000 வரை.) மனசுக்குள் இருப்பதை நிரூபிப்பது போலீசுக்குப் பெரும்பாடு. என் விஷயத்தில் அந்தச் சிரமமே இல்லை. தோளில் 'மெட்ராஸ்' என்று ரெஜிமென்ட் பெயரை வேறு தைத்திருந்தேன். ஸ்டைலுக்கு யார் அதைத் தைப்பார்கள்? வீட்டில் அந்தச் சட்டை யாருக்கும் தெரியாது. செம்பூர் ஸ்டேஷன் போகும் வழியில்தான் போட்டுக்கொள்வேன்.

ரயிலில் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஸ்டேஷன் டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். இதெல்லாம் சில்லறை. மாதுங்காவில் ஒரு காபிக்கடையில் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் தோள்பட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எம் மவனும் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான். காஷ்மீர்ல கெடக்கான். லீவே தர மாட்டேங்காங்க. எப்ப விடுவாங்க?"

"பனி குறைஞ்சதும் விட்டுருவாங்க ஐயா. கவலைப்படாதீங்க."

என் காபிக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். குடித்தேன்.

2022-இல் ராணுவம் புது டிசைன் உடையைக் கொண்டுவந்து, யாரும் காப்பியடிக்க முடியாதபடி அதைப் பதிவும் செய்துவிட்டது. என்னுடையது பழைய டிசைன். பெட்டியில் கிடக்கிறது, தோள்பட்டையைப் பிரிக்க இன்னும் மனசு வரவில்லை. டீக்கடைக்காரர் இப்போதும் "ஃபௌஜி பாய்" என்றுதான் கூப்பிடுகிறார். திரும்பிப் பார்க்கிறேன். டீக்குக் காசு மட்டும் கொடுத்துவிடுகிறேன்.